மாமன் மடி

வடகரப்பதி
18.8.2024

அன்புள்ள செல்வி அம்மிணிக்கு,

உன் மதினி சித்ரா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், உன் மாமியார், என் தங்கம் சோனா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி குறைந்ததா?

இந்தக் காலத்தில் கடிதாசியா என்று சிரிக்காதே. உங்கள் வீட்டு போன் உன் வீட்டுக்காரர் ஜீப்போடு போய்விடுகிறது. வாய்ஸ் அனுப்பினால் எஸ்டேட் லயத்தில் வரிசை வீடு முழுக்கக் கேட்கிறது. எனக்கும் போனில் பேச்சு சரிவராது. கோபம் வந்தால் பாதியில் வைத்துவிடுவேன். எழுதினால் உறையை ஒட்டுவதற்குள் ஆறிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் காமாலையில் போன துக்கத்தில் சோனாவின் காதுகுத்தைத் தள்ளிப்போட்டோம். இப்போது அவளுக்கு அஞ்சு நடக்கிறது. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது, இந்தத் தையை விட்டால் ஏழு வயதுக்குத்தான் குத்தலாம் என்பார்கள். பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இல்லை. மாமன் பெண்டாட்டி இருக்கிறேன். சீர் கொண்டுவந்து என் மடியில் அவளை வைத்துக்கொள்கிறேன். உன் அண்ணனிடம் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்ன வார்த்தை இது.

பஸ்ஸில் வரமாட்டேன். ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்தே அந்த மலையைப் பார்த்திருக்கிறேன். அவர் பைக்கிலேயே வருகிறேன். பால் சொசைட்டிக்கு தினமும் அதில்தான் கேன் கட்டிக்கொண்டு போகிறேன். முதல் மாதம் ஊரே ரோட்டுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. இப்போது வழி விடுகிறது.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் மதினி,
சித்ரா


பீர்மேடு
9.9.2024

மரியாதைக்குரிய மதினிக்கு,

செல்வலட்சுமி வணக்கம் வைத்து எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். இடுப்பு வலி மழை நின்றால் போகும், மழைதான் நிற்கமாட்டேன் என்கிறது.

உங்கள் கடிதத்தைத் தேயிலைக் கொழுந்துக் காட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பிலோமி அக்கா, "அடியே, உன் மதினி பைக்கிலயா வாராக? நம்ம ஆம்பளைகளே சின்னாறு காட்டுல தனியாப் போக மாட்டாகளே" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டாள். எனக்கு அன்று முழுக்கப் பெருமை. உங்களை அண்ணன் கட்டிக்கொண்டு வந்தபோது, இது என்ன மெலிசாக இருக்கிறது, காற்றடித்தால் பறந்துவிடும் என்று பேசியவர்கள் நாங்கள்.

அத்தையிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். இங்கே அட்டைப் பூச்சித் தொல்லை அதிகம். காலில் உப்புத் துணி கட்டாமல் ஏறமுடியவில்லை. ரோடு இரண்டு இடத்தில் இடிந்து, இப்போது சரி செய்துவிட்டார்கள். தைக்குள் நன்றாக ஆகிவிடும். சோனா பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாட்டு கற்றுக்கொண்டு வந்து எங்களைப் படுத்துகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி.

இப்படிக்கு உங்கள் நாத்தனார்,
செல்வலட்சுமி


வடகரப்பதி
30.9.2024

அன்புள்ள செல்விக்கு,

எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். சிவப்பு மாடு கிடாரி போட்டிருக்கிறது.

அட்டையைப் பற்றி எழுதினாய், ரோட்டைப் பற்றி எழுதினாய். மடியைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் மாமியார் சிரித்தார்கள் என்றாயே, அது என்ன சிரிப்பு?

சொல்லிவிடு அம்மிணி. தாலி இல்லாதவள் சபையில் பிள்ளையை மடியில் வைக்கக்கூடாது என்று பேச்சு இருக்கிறதா? எங்கள் பக்கத்திலும் அந்தப் பேச்சு உண்டு. இங்கே கல்யாண வீட்டுக்கு என் பால் போகிறது, நான் பந்தலுக்கு வெளியே நின்று கேனைக் கொடுத்துவிட்டு வருகிறேன். அதெல்லாம் ஊரார். சோனா அப்படி இல்லை.

பதில் போடு.

சித்ரா


பீர்மேடு
17.11.2024

மரியாதைக்குரிய மதினிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். கிடாரிக் கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று சோனா கேட்கச் சொன்னாள். பதில் போட நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஆள் வந்து போவதாகவே இருந்தது.

தேதி பார்த்தாயிற்று. தை மாதம், பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் வைக்கிறோம். குமுளியில் வேலை பார்க்கிற எங்கள் சின்னய்யா மகன் அஜய் வந்திருந்தான். அத்தைக்கு நல்ல கம்பளி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். அவனும் எனக்குத் தம்பி முறைதான்.

வழியைக் கேட்டுச் சொல்கிறேன். உடுமலை தாண்டிச் சின்னாறு செக்போஸ்ட்டை வெயில் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். சாயங்காலமானால் பைக்கை விடமாட்டார்கள். காட்டுக்குள் தனியாகப் போகாமல் பஸ் வரும்வரை நின்று அதன் பின்னாலேயே போங்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். யானை குறுக்கே நின்றால் பஸ் டிரைவருக்கு என்ன செய்வதென்று தெரியும்.

நீங்கள் வாருங்கள் மதினி. வந்து பேசிக்கொள்ளலாம்.

செல்வலட்சுமி


வடகரப்பதி
2.1.2025

அன்புள்ள செல்விக்கு,

புது வருஷம் உங்கள் எல்லாருக்கும் நன்றாக இருக்கட்டும். கன்றுக்குட்டிக்குச் சோனா என்றே பெயர் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லாதே, அழுவாள்.

வந்து பேசிக்கொள்ளலாம் என்றால், பேச ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பரவாயில்லை. உன் மாமியார் நேரில் என்னைப் பார்த்தால் மனசு மாறலாம். நான் வருகிறேன்.

ஒரு கூத்து கேள். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தேன், ஓட்டவே வரவில்லை. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கினால்தான் எனக்குக் கை நிற்கிறது. கேன் இல்லாமல் வளைவில் திரும்பினால் வண்டி பேய் மாதிரி துள்ளுகிறது. ஆகவே கேனோடுதான் மலை ஏறப்போகிறேன். ஒன்றில் பட்டுப்பாவாடை, கம்மல், உங்களுக்குத் துணி. இன்னொன்றில் தேங்காய், வாழைப்பழம், காப்பரிசிக்குப் பச்சரிசி, வெல்லம். மூடி போட்டால் தண்ணீர்கூட உள்ளே போகாது.

இதைக் கேட்டு எதிர்வீட்டு அண்ணன், "ஏனுங்க, சீரை ஆராச்சும் பால் கேன்ல கொண்டுபோவாங்களா?" என்றார். "மாமன் இருந்தாத் தாம்பாளத்துல வருமுங்க, மாமி வந்தாக் கேன்லதானுங்க" என்றேன்.

மாடுகளை அவர் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். பத்திரமாக வந்து சேருவேன், பயப்படாதே.

சித்ரா


மறையூர்
31.1.2025

அன்புள்ள செல்விக்கு,

நான் சுகமாக மறையூர் வந்து சேர்ந்துவிட்டேன். இந்தக் கடிதாசி கையில் கிடைக்கும்போது நானே உன் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்குப் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காலையில் மாடு கறந்து ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். பொள்ளாச்சி வரை நம்ம ஊர்தான், தென்னையும் காற்றாலையும். உடுமலை தாண்டினதும் மலை முன்னால் வந்து நின்றது பார், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷம் பஸ் ஜன்னலில் தலையைத் தொங்கப்போட்டு, இந்த மலையைப் பார்க்காமலே போய் வந்திருக்கிறேனே, என்னை எதால் அடிப்பது?

அமராவதி அணைக்கு வழி விலகிப் போனேன். அவ்வளவு தண்ணீரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மலை தலைகீழாக அதற்குள் இருந்தது. எங்கள் ஊரில் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தாலே திருவிழா. இங்கே கேட்பாரில்லாமல் கிடக்கிறது. கையில் அள்ளி முகம் கழுவினேன். உன் அண்ணன் ஒவ்வொரு லீவுக்கும், "ஒருக்கா பைக்குல போவோம் சித்ரா" என்பார். எனக்குத் தலை சுற்றும் என்று நான்தான் மறுத்தேன். சுற்றவில்லை. ஓட்டுகிறவருக்குத் தலை சுற்றாது போலிருக்கிறது.

செக்போஸ்ட்டில் காட்டிலாகா வாட்சர் ஒருவர் நிறுத்தினார். ஜிஜோ என்று சட்டையில் இருந்தது. "சேச்சி ஒத்தைக்கா வந்தது? கேன்ல என்ன, பாலா?" என்றார். "சீருங்க. பழமும் வெல்லமும் இருக்குதுங்க" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஆனைக்கு விருந்து கொண்டுபோறீங்களே. இந்தக் காட்டுல வாழைப்பழ வாசம் அடிச்சா அது விடாது, கேட்டோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்துச் சீரை அடுக்கிய புத்தி இதை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் வாழைப்பழத்துக்கு எறும்புதான் வரும்.

பழத்தை இறக்கி வையுங்கள் என்றார். சீர்ப் பழத்தை வழியில் இறக்கக்கூடாது என்று நானும் பிடிவாதம். கடைசியில் அவரே கேன் மூடியைத் திறந்து மூடி, மூக்கை வைத்து மோந்து பார்த்தார். ஒரு வாசமும் வெளியே வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பஸ் வரும்வரை நிற்கவைத்து, டிரைவரிடம் என்னைக் கைகாட்டிச் சொல்லி அனுப்பினார். அந்த டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் போனார். முன்பின் தெரியாத மனுஷன்.

பாதிக் காட்டில் பஸ் நின்றது. முன்னால் ஒரு தாய் யானை, குட்டியோடு ரோட்டைக் கடந்தது. நான் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்ன நடை அது. அவசரமே இல்லை. குட்டி நடுரோட்டில் நின்று வேடிக்கை பார்க்க, தாய் திரும்பி ஒரு தட்டு தட்டிக் கூட்டிக்கொண்டு போனது. பஸ்ஸில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

மறையூரில் வந்து பார்த்தால் ஊரெல்லாம் கரும்பு, ஊரெல்லாம் வெல்ல வாசம். கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான் என் கதை. லாட்ஜுக்கார அம்மா என் கேனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சூடாக ஒரு உருண்டை வெல்லம் கொடுத்தார்.

நாளைக்கு மூணாறு, ஆனையிறங்கல், அப்புறம் உன் வீடு. சோனாவை நினைத்துக்கொண்டு தூங்கப்போகிறேன். மடி தயார்.

சித்ரா


பீர்மேடு
12.2.2025

மதினிக்கு,

செல்வலட்சுமி வணக்கம் வைத்து எழுதுவது. சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் எதிர்வீட்டு அண்ணனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டோம், வந்துவிட்டார்கள் என்றார். நீங்கள் பேசவில்லை.

மறையூரில் போட்ட உங்கள் கடிதம் நீங்கள் போன பிறகு வந்தது. "மடி தயார்" என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீங்கள் சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் லயத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் அவ்வளவு தூரம் வந்ததில்லை. மறுநாள் கோயிலில் அஜய் புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் உங்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் தூக்கி வந்த சீர்த்தட்டை அத்தை உங்கள் கையிலிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்தபோதும் திறக்கவில்லை. நீங்கள் சுவர் ஓரமாகப் போய் நின்றீர்கள்.

ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் சோனா அஜய் கையைக் கடித்துவிட்டு ஓடியதையும், நேராக உங்கள் வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்ததையும், உங்கள் கை பட்டதும்தான் அழுகையை நிறுத்தியதையும் இங்கே இன்னும் பேசுகிறார்கள். அப்போது அத்தை, "நீ வந்து பிள்ளையப் பிடிச்சுக்கோம்மா, உன்கிட்டதான் அடங்குது, அஜய் மடியிலயே இருக்கட்டும்" என்றார்கள் அல்லவா? நீங்கள் சொன்ன பதிலைப் பிலோமி அக்கா மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். "புடிக்கறதுக்கு ஆளா நான் வரலீங்க. மடி குடுக்க வந்தனுங்க. மடி வேண்டாம்னா கையும் வேண்டாமுங்க."

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். வண்டிச் சத்தம் அடிவாரம் வரை கேட்டது. சபை அப்படியே கலைந்துவிட்டது. ஆசாரியும் போய்விட்டார்.

என்மேல் கோபம் இருக்கும். ஒரு வரி போடுங்கள் மதினி.

செல்வலட்சுமி


பீர்மேடு
3.3.2025

மதினிக்கு,

வணக்கம். சுகம்தானே? இங்கே சுகம். சோனாவுக்குக் காது ஆறிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறாள். நீ யார் என்று கேட்டால், "சித்ரா அத்தை" என்கிறாள்.

தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்து பார்க்கிறேன்.

செல்வலட்சுமி


வடகரப்பதி
16.3.2025

அன்புள்ள செல்விக்கு,

நான் சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது, மாட்டுக்குத் தீவனம் தேடி அலைகிறேன்.

கோபம் இருந்தது. உறையை ஒட்டுவதற்குள் ஆறவில்லை, அதனால் அனுப்பவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இப்போதும் முழுக்க ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அஜய் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கூப்பிட்டால் வந்தான். உன்மேல்தான். வராதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருக்கமாட்டேன். ஆனால் நீ அப்படி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் நான் வரவேண்டும் என்ற ஆசை என்பதும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

மலையைப் பார்க்கிற மனசில்லாமல் கம்பம் இறங்கி, தேனி, பழனி வழியாகச் சமவெளியிலேயே வந்துவிட்டேன்.

ஆனையிறங்கலைப் பற்றி உன்னிடம் சொல்லவே இல்லை. வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மூணாறு தாண்டி ஒரு வளைவு திரும்பினதும் கீழே ஏரி. சுற்றிலும் தேயிலை, நடுவில் பச்சை நிறத்தில் தண்ணீர், பனி அதன்மேல் படுத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போனது. இப்படி ஒரு இடத்தில் நீங்கள் எல்லாம் கூடையைக் கட்டிக்கொண்டு தினமும் வேலை செய்கிறீர்கள் என்று நினைத்தேன். அங்கே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பொம்பளைகள் என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். "நாத்தனா மகளுக்குக் காதுகுத்துங்க, என்ற மடியிலதானுங்க குத்துறாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்களை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்றபடி அந்த ரோட்டுக்காக இன்னொரு தடவைகூடப் போவேன். அவ்வளவு அழகு.

சோனாவுக்கு முத்தம்.

சித்ரா


பீர்மேடு
6.4.2025

மதினிக்கு,

செல்வலட்சுமி வணக்கம் வைத்து எழுதுவது. உங்கள் கடிதம் கண்டு உயிர் வந்தது. நாங்கள் சுகம்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். சோனாவுக்கு ஒரு காதுதான் குத்தியிருக்கிறது. இன்னொன்று அப்படியே இருக்கிறது.

நீங்கள் போன மறுவாரம் அத்தை ஆசாரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அஜய்யும் வந்தான், வேட்டியும் வந்தது. நான் சோனாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "இன்னொரு காது எங்க மதினி மடியிலதான் குத்தணும். இல்லன்னா ஒத்தைக் கம்மலோடயே இவ கெழவியாகட்டும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வீட்டுக்காரர் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். அத்தைக்கு அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோனா ஒரு காதில் கம்மலோடு பள்ளிக்கூடம் போகிறாள், கேட்டவர்களிடமெல்லாம் "மத்தது சித்ரா அத்தைக்கு" என்கிறாள்.

நேற்று உங்கள் கடிதத்தை அடுப்படியில் சத்தமாகப் படித்தேன், அத்தை காதில் விழட்டும் என்றுதான். கொழுந்துக்காரிகளிடம் நீங்கள் பெருமையாகச் சொன்ன இடம் வந்ததும் அத்தை எழுந்து உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த இன்னொரு கம்மலை என் கையில் வைத்தார்கள். "நான் முப்பது வயசுல தாலி அறுத்தவ. அதுக்கப்புறம் என் தம்பி பிள்ளைகளைக்கூட ஒருத்தரும் என் மடியில வைக்க விடல. நான் பொறுத்துக்கிட்டேன், எல்லாரும் பொறுக்கணும்னு நினைச்சிட்டேன். அவ கேட்டுட்டா. கொண்டு போ" என்றார்கள்.

சித்திரையில் பள்ளிக்கூட லீவு. அந்த மாதம் பதினெட்டாம் தேதி வாக்கில் பஸ்ஸில் வருகிறோம். அத்தையையும் கூப்பிட்டிருக்கிறேன். "வாரேன், ஓரமா நின்னு பார்த்துட்டு வந்திருதேன்" என்றார்கள்.

செல்வலட்சுமி


வடகரப்பதி
14.4.2025

அன்புள்ள செல்விக்கு,

எல்லாரும் வாருங்கள். ஆசாரிக்குச் சொல்லிவிட்டேன், எதிர்வீட்டு அண்ணன் ஓலைப் பந்தல் போடுகிறார். இந்தப் பந்தலுக்குள் நான்தான் முதலில் நுழையப்போகிறேன்.

என் மடியில் சோனா. பக்கத்தில் இன்னொரு மணை போடுகிறேன், அது உன் மாமியாருக்கு. அவர் ஓரமாக நிற்பதாக இருந்தால் நான் மடி தரமாட்டேன். இதையும் அடுப்படியில் சத்தமாகப் படி.

சித்ரா